தன்ராஜா, ஷாபாஸா? பொங்கல் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

காணும் பொங்கல் அன்று மாலை நம் தெருவில் நடக்கவிருக்கும் பட்டிமன்றத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. ‘ஹாக்கியில் உச்சம் தொட்டவர் தன்ராஜ் பிள்ளையா, ஷாபாஸ் அகமதுவா?’ என்று தலைப்பு. முன்னவர் இந்தியாவின் முன்வரிசை வீரர், பின்னவர் பாகிஸ்தானின் முன்வரிசை வீரர். படித்ததும் முதலில் சந்தோஷம்தான். கணவனா மனைவியா, அந்தக் காலமா இந்தக் காலமா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மதுரையில் ஹாக்கிக்கு ஒரு மேடை போடுகிறீர்கள். டிசம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்ததும், இந்தியப் பையன்கள் சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதை நம் ஊர்க்காரர்கள் நேரில் உட்கார்ந்து பார்த்ததும்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதுவரை ஹாக்கி என்றால் கோவில்பட்டிக்காரன் சமாச்சாரம், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியது என்றுதானே இருந்தோம்.

ஆனால் நோட்டீஸைக் கூர்ந்து பார்த்தால் சில விஷயங்கள் இடிக்கின்றன. தனியாகச் சொன்னால் ‘சரிண்ணே, பார்த்துக்கலாம்’ என்று சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். நோட்டீஸில் போட்டிருக்கும் படம் ஐஸ் ஹாக்கி வீரர். தலையில் ஹெல்மெட், காலில் பிளேடு வைத்த ஷூ, கீழே பனித்தரை. டிசைன் பண்ணிய தம்பி இணையத்தில் தேடி முதலில் வந்ததை எடுத்து ஒட்டிவிட்டார் போல. ஃபிளக்ஸ் அடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ‘பிள்ளை’ என்ற பெயரைப் பார்த்ததும் யாராவது வந்து எங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு ஃபிளக்ஸ் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மனிதர் இந்தியாவுக்காக விளையாடியவர்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸின் பின்பக்கத்தில் இரண்டு பேருடைய சாதனைகளையும் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். தன்ராஜுக்கு 339 ஆட்டங்கள், ஷாபாஸுக்கு 304. தன்ராஜ் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இவையெல்லாம் ஒருவர் எத்தனை காலம் ஆடினார் என்பதற்கான கணக்கு. நீங்கள் கேட்டிருப்பது உச்சத்தைப் பற்றி. இந்தக் கட்டத்தை நம்பிப் பேச வந்தால் பேச்சாளர்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள், நடுவரும் கூட்டல் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக ஐந்து வருடங்களை அந்தந்த அணியே தேர்ந்தெடுத்து முன்கூட்டியே அறிவிக்கட்டும். அந்த ஐந்து வருடத்துக்குள் நடந்ததை மட்டும்தான் பேசலாம் என்று விதி போடுங்கள். பிறகு பாருங்கள், விவாதம் எப்படிச் சூடு பிடிக்கிறது என்று.

இருவரும் 1968இல் பிறந்தவர்கள். தன்ராஜ் ஜூலையில், புனேவை ஒட்டிய கட்கியில், தமிழ்க் குடும்பத்தில். ஷாபாஸ் செப்டம்பரில், பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில். ஷாபாஸ் 1986லேயே தேசிய அணிக்குள் வந்துவிட்டார். தன்ராஜ் 1989 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில்தான் நுழைந்தார், அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. அதன் பிறகு பல வருடங்கள் இருவரும் எதிரெதிரே ஓடினார்கள். ஒரே வயது, ஒரே காலம் என்பதால் உச்சமும் ஒரே சமயத்தில் வந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை என்பதில்தான் இந்தத் தலைப்பின் ருசியே இருக்கிறது.

ஷாபாஸ் அணிக்கு வருடம் தேர்ந்தெடுப்பதில் சிரமமே இல்லை. 1990 முதல் 1994 வரை. 1990இல் லாகூரில் உலகக் கோப்பை. சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்றது, ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் ஷாபாஸ்தான். அதே வருடம் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானுக்குத் தங்கம், இந்தியாவுக்கு வெள்ளி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம். 1994இல் லாகூர் சாம்பியன்ஸ் டிராபியும் சிட்னி உலகக் கோப்பையும் பாகிஸ்தானுக்கு. சிட்னியில் கேப்டன் ஷாபாஸ், தொடரின் சிறந்த வீரர் மறுபடியும் ஷாபாஸ். சுவாரசியமான ஒரு விஷயம், 1990இல் அவரைத் தோற்கடித்த நெதர்லாந்து அணியின் பயிற்சியாளர் ஹான்ஸ் யோரிட்ஸ்மா. 1994இல் பாகிஸ்தானுக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. எதிர்முகாமில் இருந்து பார்த்தவரே நான்கு வருடம் கழித்து அந்த மனிதரை மையமாக வைத்து அணி கட்டினார். இதை ஷாபாஸ் அணிப் பேச்சாளர் மறக்கக் கூடாது.

தன்ராஜ் அணிக்குத்தான் திண்டாட்டம். எந்த ஐந்து வருடத்தை எடுப்பது? 1994 சிட்னி உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாவது இடம்தான், ஆனால் அந்தத் தொடரில் ஆடியவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி அறிவித்த உலக அணியில் இடம்பிடித்த ஒரே இந்தியர் தன்ராஜ். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் கேப்டனாகத் தங்கம். 1966இல் அதே பாங்காக்கில் வென்றதற்குப் பிறகு 32 வருடம் கழித்து வந்த தங்கம் அது, தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். 2002இல் கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் 34 வயதில் தொடரின் சிறந்த வீரர், இந்தியா நான்காவது இடம். 2003இல் கோலாலம்பூர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-2 என்று வென்றபோதும் கேப்டன் அவரே, ஆசியக் கோப்பை அப்போதுதான் இந்தியாவுக்கு முதல்முறையாக வந்தது. 1994ஐ எடுத்தால் 2002 கிடைக்காது. 1998ஐ எடுத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது யானைமலை வயல்வெளிக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும். மேற்கே திரும்பினால் நாகமலை, ஓர் உயரத்தில் தொடங்கி முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஷாபாஸ் யானைமலை, தன்ராஜ் நாகமலை. எது பெரிய மலை என்று கேட்டால் சண்டை போடலாம். எது செங்குத்து என்று கேட்டால் சண்டைக்கு இடமில்லை. தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள்.

இனி, பதக்கத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு காரணம். ஷாபாஸின் பெரிய தங்கம் 1994 சிட்னி. தன்ராஜின் பெரிய தங்கம் 1998 பாங்காக். இரண்டு பேரும் கேப்டன். இரண்டு இறுதி ஆட்டங்களும் 1-1 என்று முடிந்து, பெனால்டி ஸ்ட்ரோக்கில், அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கும் அடிகளில் தீர்ந்தவை. சிட்னியில் கோல்கீப்பர் மன்சூர் அகமது, பாங்காக்கில் ஆஷிஷ் பல்லால், இவர்கள் கை வைத்துத் தடுத்ததில்தான் இரண்டு தங்கமும் தங்கின. ஒரு பந்து உள்ளே போயிருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்கும், ஆனால் அதற்கு முன் ஷாபாஸும் தன்ராஜும் ஆடிய ஆட்டத்தில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. ஆக, பதக்கம் அணியின் சொத்து. உச்சம் என்று பேச வந்தால் மைதானத்தில் அந்த ஆள் என்ன செய்தார் என்று பேசுங்கள்.

கோல் எண்ணிக்கை சொல்லிச் சமாளிக்கலாம் என்று யாராவது நினைத்தால் அதற்கும் வழியில்லை. கிரிக்கெட் மாதிரி பந்துக்குப் பந்து கணக்கு ஹாக்கியில் கிடையாது. தன்ராஜ் மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு அன்றைய இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு அதிகாரபூர்வமான கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. இதைவிட ஒரு கூட்டமைப்பைப் பற்றி வேறென்ன சொல்ல?

அப்படியானால் எதை வைத்துப் பேசுவது? ஆட்டத்தை வைத்து. நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, கல்லூரி அணியில் ரைட் ஹாஃப், அதுவும் பாதி நாள் வெளியே உட்கார்ந்திருந்தவன். ஆனால் ரைட் ஹாஃப் என்பதால் எதிரணியின் இடது பக்கத்திலிருந்து வருகிறவனைத் தடுப்பதுதான் என் வேலை. அதனால் ஒரு விஷயம் தெரியும். ஹாக்கி மட்டையில் தட்டையான பக்கம் ஒன்றுதான், எல்லோருக்கும் அது ஒரே கைவாக்கு. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. அதனால் பந்தை வலமிருந்து இடமாக அடிப்பது இயல்பாக வரும். இடது பக்கம் ஓடுகிறவன் நடுவில் இருப்பவனுக்குப் பந்து கொடுக்க வேண்டுமென்றால் இடமிருந்து வலமாக அடிக்க வேண்டும். அதற்கு உடம்பைத் திருப்ப வேண்டும், அல்லது மட்டையைக் கவிழ்த்து ரிவர்ஸில் தட்ட வேண்டும். இரண்டிலும் வேகம் குறையும், குறைகிற அந்த அரை நொடியில்தான் எங்களைப் போன்ற ஹாஃப்கள் பிழைப்பு நடத்துவோம். ஷாபாஸ் லெஃப்ட் இன், அதாவது முன்வரிசையில் நடுவுக்கு இடப்பக்கம் ஆடுகிறவர். அந்த அரை நொடியை அவர் தரவே மாட்டார். ஓடுகிற வேகத்திலேயே பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும், தடுக்க வருகிறவர் மட்டையை நீட்டும்போது பந்து அங்கே இருக்காது.

இதோடு ஆஃப்சைடையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைய பையன்களுக்கு ஹாக்கியில் ஆஃப்சைடு இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 1996இல் சோதனையாக நீக்கி, 1998இல் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். அதுவரை எதிரணியின் 25 கெஜ எல்லைக்குள் பந்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமென்றால், கோலுக்கும் உங்களுக்கும் நடுவில் எதிரணிக்காரர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல் போஸ்ட் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவைத்துவிட்டுப் பந்தைத் தள்ளிவிடுகிற சுகம் கிடையாது. தடுப்பவர்கள் முன்னேறி வந்து இடத்தை நெருக்குவார்கள். அந்த நெருக்கத்தைத் தனியாளாக உடைக்க முடிந்தவனுக்குத்தான் அன்றைக்கு மதிப்பு. ஷாபாஸின் ஐந்து வருடமும் அந்த விதிக்கு உட்பட்டது. ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று கட்டம் கட்டி ஆடுகிற அணிகளை அவர் அந்த நெருக்கத்தில் வைத்துத்தான் குடைந்தார்.

தன்ராஜின் பாங்காக்கும் கொலோனும் ஆஃப்சைடு போன பிறகு வந்தவை. முன்வரிசை ஆட்கள் கோல் வாசலில் போய் நின்றால் தடுப்பவர்களும் பின்னே இறங்க வேண்டும், நடு மைதானத்தில் இடம் திறக்கும். பந்தோடு நீண்ட தூரம் ஓடுகிற தன்ராஜுக்கு அது வாகான காலம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் தன்ராஜ் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அதற்குத்தானே பட்டிமன்றம். அவர்கள் பதிலுக்கு, 30 வயதுக்கு மேல் ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் புதிய விதிக்குத் தன்னை மாற்றிக்கொண்டு உலகத்தின் சிறந்த ஆறு அணிகள் ஆடும் கொலோன் தொடரில் சிறந்த வீரர் பரிசு வாங்கியதை எடுத்துப் போடலாம். நல்ல வாதம்தான்.

தன்ராஜ் அணிக்கு இன்னும் வலுவான ஒரு வாதம் இருக்கிறது, உள்ளூர்ப் பாசம் அதை மறைத்துவிடக் கூடாது. ஷாபாஸைச் சுற்றி உலகக் கோப்பை வெல்லக்கூடிய ஓர் அணி இருந்தது. தன்ராஜ் ஆடிய நான்கு உலகக் கோப்பைகளில் இந்தியாவின் இடம் 10, 5, 9, 10. ஒலிம்பிக்கில் 7, 8, 7, 7. 2000 சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் போலந்து சமன் செய்தது, 1-1. அதோடு போயிற்று. இதற்கெல்லாம் மேலே, 32 வருடம் கழித்துத் தங்கம் வாங்கிவந்த 1998 அணிக்குக் கிடைத்த மரியாதை என்ன? அடுத்த தொடருக்கு தன்ராஜையும் மூத்த வீரர்கள் ஆறு பேரையும் சேர்க்கவில்லை. பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கையும் நீக்கினார்கள். வீரர்களுக்கு ‘ஓய்வு’ கொடுத்ததாகக் கூட்டமைப்பு சொன்னது. ஆட்டத்துக்கான சம்பளம் சரியாகத் தரவில்லை என்று வாய் திறந்ததற்குப் பழிவாங்கல் என்றுதான் நாடே பேசியது. ஓர் ஆட்டக்காரரின் உச்சத்தை நாற்காலியில் இருந்தவர்கள் நடுவில் வெட்டினார்கள் என்று தன்ராஜ் அணி வாதிட்டால் அரங்கமே எழுந்து கைதட்டும். நானும் தட்டுவேன்.

ஆனாலும் கைதட்டலை வைத்துத் தீர்ப்பு வரக் கூடாது. நடக்காமல் போன உச்சத்துக்கு மதிப்பெண் போட முடியாது. நடந்த ஐந்து வருடத்தை நடந்த ஐந்து வருடத்தோடு வைத்துப் பார்த்தால் ஷாபாஸ் ஒரு படி மேலே என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு படிதான். நான்கு வருட இடைவெளியில் இரண்டு உலகக் கோப்பைகளில், ஒன்றில் தோற்ற அணியிலும் ஒன்றில் வென்ற அணியிலும் இருந்துகொண்டு, சிறந்த வீரர் என்று பெயர் வாங்குவது சாதாரணமா? அணி தோற்றபோதும் கொடுத்தார்கள் என்பதை கவனியுங்கள். தன்ராஜுக்குக் கொலோனில் கிடைத்ததும் அந்த வகைதான், அதனால்தான் வித்தியாசம் ஒரு படி என்கிறேன். நீண்ட காலம், விடாப்பிடி, கையில் கிடைத்த அணியை வைத்துக்கொண்டு போராடியது என்று தலைப்பு வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தன்ராஜ் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வேண்டுகோள், இதை இந்தியா பாகிஸ்தான் சண்டையாக ஆக்கிவிடாதீர்கள். டிசம்பர் போட்டிக்கு பாகிஸ்தான் ஜூனியர் அணி வரவில்லை, அவர்கள் இடத்தில் ஓமன் வந்தது. அரசியல் காரணங்கள் ஆயிரம் இருக்கட்டும், அதைப் பேச வேறு மேடைகள் உண்டு. மேடையில் ஒரு பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டு ‘நம் மண்ணில் நின்று எதிரிக்கு வக்காலத்தா’ என்று ஆரம்பித்தால் நடுவர் மணியை அடித்து உட்காரவைக்க வேண்டும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நடுவர் ஐயாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல தமிழறிஞர், நகைச்சுவை அள்ளிவிடுவார், சந்தேகமில்லை. ஆனால் போன முறை ‘இருவருமே இரு கண்கள்’ என்று முடித்துவைத்தது போல இந்த முறையும் முடித்தால் மூன்று மணி நேரம் பனியில் உட்கார்ந்திருக்கிற சனம் கோபித்துக்கொள்ளும். ஒரு பக்கம் சாயச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்றாலும் சரி, காரணம் சொல்லட்டும்.

அப்புறம், அணிக்கு மூன்று பேச்சாளர் என்று போட்டிருக்கிறீர்கள். ஆறு பேரில் ஒருவராவது மட்டை பிடித்தவராக இருக்க வேண்டாமா? ரேஸ்கோர்ஸில் காலையில் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் நன்றாகப் பேசுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோவில்பட்டி ஹாக்கி விடுதிப் பையன்களைக் கேட்டாலும் வருவார்கள், நூறு கிலோமீட்டர்தானே. பஸ் செலவும் ராத்திரிச் சாப்பாடும் குழு பார்த்துக்கொண்டால் போதும். மேடையில் ஒரு மட்டையும் பந்தும் வைத்து, இடது பக்கத்திலிருந்து பந்து கொடுப்பது ஏன் கஷ்டம் என்று ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் செய்து காட்டினால், பேச்சாளர்கள் அரை மணி நேரம் அடுக்குமொழியில் சொல்வதைவிட நன்றாகப் புரியும். யூடியூபில் கிடைக்கிற துண்டு வீடியோக்களைத் திரையில் ஓட்டலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை விட்டுவிடுங்கள். அவற்றில் கோல் மட்டும்தான் இருக்கும், பந்து இல்லாதபோது ஆள் எங்கே ஓடினார் என்பது இருக்காது.

கடைசியாக ஒன்று. தன்ராஜ் அணிக்கு மூன்று பெயரும் போட்டாயிற்று. ஷாபாஸ் அணிக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது, மற்ற இடங்களில் ‘மற்றும் பலர்’ என்று இருக்கிறது. மதுரையில் தன்ராஜுக்கு எதிராகப் பேச ஆள் கிடைக்கவில்லை என்பது புரிகிறது. அந்த இடங்களில் ஒன்றில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பேச விட வேண்டாம், தன்ராஜ் அணி மூன்றாவது ஆள் பேசி முடித்த பிறகு மைக்கைக் கொடுங்கள். எட்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தெருவாசி ஒருவன்,
புதூர், மதுரை.